கப்பலில் ஃபார்மல் டின்னருக்கு வேட்டி கட்டினால் உள்ளே விடுவார்களா?

கேள்வி இதுதான்: "குடும்பத்தோடு குரூஸ் போகிறோம், அதில் 2 இரவு ஃபார்மல் டின்னராம், கோட் சூட் இல்லாவிட்டால் சாப்பாட்டு மண்டபத்துக்குள் விடமாட்டார்களாம், அப்பா வேட்டியைத் தவிர வேறொன்றும் உடுக்கமாட்டார், என்ன செய்வது?"

விடுவார்கள். பதில் அவ்வளவுதான், அவசரமாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு இந்தக் கேள்வியைப் பார்த்ததும் 52,000 ரூபாய் ஞாபகம் வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் எழுதப்போகிறேன்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் டிக்கெட் எடுத்தது நீங்கள் இல்லை. லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கும் ஒரு அக்காவோ அண்ணனோ எடுத்திருக்கிறார், டிக்கெட்டோடு சேர்த்து 6 நிமிட வாய்ஸ் மெசேஜும் அனுப்பியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் வந்தது. 2024 ஜூனில் இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் துறைமுகத்தில் ஏறி நோர்வே மலையிடுக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் 7 இரவுப் பயணம். செலவு அக்காவும் அத்தானும். நன்றி கெட்டவன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக முதலிலேயே எழுதிவிடுகிறேன், அத்தான் தங்கமான மனிதர், விசாவுக்கு எத்தனை கடிதம் கேட்டாலும் அன்றிரவே அனுப்புவார். ஆனால் லண்டனில் 30 வருடம் இருந்த ஒருவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை, அதுதான் பிரச்சினை.

"தம்பி, மாமாவுக்கு ஒரு கோட் தைச்சுப்போடுங்கோ. அங்க வேட்டியோட வந்தா வாசல்ல மறிச்சுப்போடுவாங்கள், பிறகு எங்களுக்குத்தான் வெக்கம்."

நான் நம்பினேன். கப்பல் கம்பனியின் விதியை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம், 2 நிமிட வேலை. பார்க்கவில்லை. அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கும் தையற்காரரிடம் போனேன். அப்பாவுக்கு அப்போது 79 வயது. மன்னார்க் கச்சேரியில் (மாவட்ட அரசாங்க அலுவலகம்) 33 வருடம் கிளார்க்காக இருந்தவர், அந்த 33 வருடமும் காற்சட்டைதான் போட்டவர். ஓய்வுபெற்ற அன்று கழற்றினார், அதற்குப் பிறகு கல்யாணம், செத்தவீடு, வங்கி, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் வேட்டிதான். தையற்காரர் மார்பு 36, கை 23 என்று சொல்லச் சொல்லப் பையன் எழுதினான், அப்பா விமான நிலையத்தில் சோதனைக்கு நிற்பவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். வெளியே வந்து முச்சக்கர வண்டியில் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஏறிய பிறகு சொன்னார்:

"33 வருஷம் அரசாங்கத்துக்காகப் போட்டனான். இனிக் கப்பல்காரனுக்காகவும் போடவேணுமே?"

என்னிடம் பதில் இல்லை. "2 இரவுதானே அப்பா" என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து 2 கோட், மொத்தம் 1 லட்சத்துக்கு மேலே போனது, அதில் அப்பாவினுடையது மட்டும் 52,000. அந்த வருடம் கொழும்பில் 52,000 என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒருவர் வந்து "வேட்டியை விடமாட்டார்கள் என்று பயந்தது உங்கள் தாழ்வு மனப்பான்மை" என்று எழுதுவார், எனக்குத் தெரியும். ஐயா, பயம் சும்மா வரவில்லை. 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்தினார்கள், அது பெரிய பிரச்சினையாகி அதே வருடம் தமிழ்நாட்டுச் சட்டசபை இதற்கென்று தனியாகச் சட்டம் கொண்டுவந்தது. சென்னையிலேயே அந்த நிலைமை. கொழும்பிலும் 90களில் எங்கள் அலுவலக டின்னர் நடந்த ஒரு கிளப்பில் (பெயர் வேண்டாம்) எங்கள் பகுதித் தலைவரை "சேர், கொஞ்சம் இருங்கோ, கேட்டுச் சொல்றம்" என்று வேட்டியோடு 20 நிமிடம் வெளியே கதிரையில் உட்காரவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் விட்டார்கள்தான். ஆனால் சூப் முடிந்திருந்தது.

சரி, கப்பலுக்கு வருகிறேன். முதல் ஃபார்மல் இரவு இரண்டாம் நாள். அன்று காலை கேபினுக்குள் போட்டிருந்த நிகழ்ச்சித் தாளைப் பார்த்தேன். மாலை 6 மணியிலிருந்து ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது கடும் நிறச் சூட், டை அல்லது வண்ணத்துப்பூச்சி மாதிரி முடிச்சுப்போடும் போ டை. அதே வரியில், கமாவுக்குப் பிறகு, தேசிய உடை. தனியாக அனுமதி கேட்கவேண்டும் என்றுகூட இல்லை, கோட்டும் தேசிய உடையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஸ்கொட்லாந்துக்காரர் பாவாடை மாதிரி ஒன்று கட்டுகிறார்களே, கில்ட், அதுவும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையை அப்பா பார்த்துவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து, சாரங்களுக்குக் கீழே இருந்து, சரிகைக் கரை போட்ட 8 முழ வேட்டியை எடுத்தார். நாஷனல் சேர்ட்டும் சால்வையும் கூட இருந்தன. எல்லாம் அவரே வைத்தது. கோட்டை நான் வைத்திருந்தேன்.

வேட்டி கசங்கிப்போய் இருந்தது. கேபினுக்குள் அயன்பெட்டி இருக்காது, நீங்கள் கொண்டுபோனாலும் ஏறும்போதே எடுத்துவைத்துவிடுவார்கள், தீப் பயம். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், முக்கியமானது. சில கப்பல்களில் பயணிகளே துணி துவைக்கும் அறை இருக்கும், எங்களுடையதில் இருந்தது, அங்கே மேசையோடு பிணைத்த அயன்பெட்டி. ஃபார்மல் இரவன்று மாலை 5 மணிக்கு அந்த அறைக்குப் போனால் கப்பலில் உள்ள பாதிப்பேர் அங்கேதான் நிற்கிறார்கள். எனக்கு முன்னால் 4 பேர். ஆளுக்கொரு சேர்ட், 5 நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். என் முறை வந்ததும் நான் வேட்டியை விரித்தேன், அது மேசையைத் தாண்டிப் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, 8 முழம் என்றால் கிட்டத்தட்ட 4 மீட்டர். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியம்மா, 80 வயது இருக்கும், தலையில் சுருள் ரோலர், தரையில் படப்போன நுனியை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டார். நான் அயன் பண்ணப் பண்ண அவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார். இது மேசைவிரிப்பா என்று கேட்டார். இல்லை, என் தகப்பனாருடைய டின்னர் உடுப்பு என்றேன். "அப்படியானால் ஓரத்தைச் சரியாகப் பிடியுங்கள்" என்று சரிகைக் கரையைக் காட்டி எனக்கே சொல்லித்தந்தார்.

வேட்டி என்றதும் ஞாபகம் வருகிறது, எங்கள் ஃப்ளாட் கமிட்டி போன வருடம் பால்கனியில் துணி காயப்போடக்கூடாது என்று லிஃப்ட்டுக்குள் நோட்டீஸ் ஒட்டியது. கட்டடத்தின் தோற்றம் கெடுகிறதாம். கடற்காற்று அடிக்கும் வீட்டில் 8 முழ வேட்டியை எங்கே காயப்போடுவது, குளியலறையிலா? மொட்டைமாடிக்குப் போகலாம் என்றால் அதற்குச் சாவி செயலாளரிடம், செயலாளர் 4 மணிக்குப் பிறகுதான் வருவார். அதே கமிட்டி 3ஆம் மாடியில் ஏசி தண்ணீர் கீழே கார்களின்மேல் ஒழுகுவதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் விதி போடுகிறவர்கள் எல்லோரும் முதலில் வேட்டியைத்தான் பார்க்கிறார்கள்.

அன்று இரவு 8 மணி. ஜூன் மாதம் அந்தப் பக்கத்தில் சூரியன் படுக்கப்போக இரவு வெகுநேரமாகும், இரவு உடுப்பு உடுத்திக்கொண்டு எல்லோரும் பட்டப்பகல் வெளிச்சத்தில் நடந்தோம். அத்தான் வாடகை டின்னர் ஜாக்கெட்டில். அக்காவும் என் மனைவியும் பட்டுச்சேலை, சேலையைப் பற்றி யாருக்கும் எந்தக் கப்பலிலும் ஒரு சந்தேகமும் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள், இந்தத் தலையிடி முழுவதும் ஆண்களுக்குத்தான். அப்பா முன்னால். அத்தான் என்னிடம் மெல்ல, "வாசல்ல ஏதும் சொன்னா நான் கதைக்கிறன்" என்றார். வாசலில் ஒருவர் கையை நீட்டி அப்பாவை மறித்தார். எனக்கு வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போனார்.

கையில் கிருமிநாசினி போடத்தான் மறித்தார். கப்பலில் வயிற்றோட்டம் பரவினால் எல்லோருக்கும் பரவும், அதனால் அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்கள் கறார். அப்பா கையை நீட்டினார், அவர் இரண்டு சொட்டு விட்டார், அப்பா தீர்த்தம் வாங்குவதுபோல வலது கைக்குக் கீழே இடது கையை வைத்து வாங்கினார். உள்ளே போய்விட்டோம். ஏசி குளிருக்குச் சால்வை நன்றாக உதவியது, கோட் போட்ட எங்களுக்குக்கூட நடுக்கம்.

அன்றைக்கு உடை விதியை மீறிய ஒரே ஆள் நான்தான். என் கறுப்புச் சப்பாத்து கல்யாணத்துக்கு வாங்கியது, 9 வருடம் அலுமாரிக்குள் பெட்டியோடு இருந்தது, எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தேன், மேலே பளபளவென்று இருந்தது. சூப் வரும்போது காலுக்கடியில் ஏதோ நொறுங்குகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் அடிப்பகுதி பிட்டு மாதிரி உதிர்ந்து கம்பளத்தில் கறுப்பாகக் கிடக்கிறது. இந்த ரப்பர் மாதிரியான பியூ (பொலியூரித்தேன்) அடிகள் ஈரப்பதத்தில் வருடக்கணக்கில் இருந்தால் தானாகவே மக்கிவிடும், கொழும்பு மாதிரி ஊரில் கேட்கவே வேண்டாம். போடாமல் வைத்திருந்தால்தான் இன்னும் மோசம். எழுந்து போகவும் முடியாது, போனால் வழியெல்லாம் கொட்டும். கடைசி ஆள் எழும்பும்வரை இருந்து, பிறகு இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு காலுறையோடு கேபினுக்குப் போனேன். லிஃப்ட்டில் போ டை கட்டிய இருவர் என் காலைப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள். இரண்டாவது ஃபார்மல் இரவுக்கு புதுச் சூட்டுக்குக் கீழே நடைப்பயிற்சிச் சப்பாத்து. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மட்டும் சாப்பிடும்போது மேசைக்குக் கீழே ஒரு தடவை எட்டிப்பார்த்தார்.

உங்கள் கப்பல் எது என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் முதலில் பார்க்கவேண்டியது. எல்லாக் கம்பனியும் ஒன்றில்லை. கியூனார்ட் மாதிரிப் பழைய பிரிட்டிஷ் கம்பனிகள் இந்த விஷயத்தை இன்னும் பெருமையாகப் பிடித்துவைத்திருக்கின்றன, காலா இரவென்றால் (ஃபார்மல் இரவுக்கு அங்கே அதுதான் பெயர்) காலா இரவுதான், அங்கேயும் தேசிய உடைக்குத் தடையில்லை. நோர்வீஜியன் குரூஸ் லைனில் யாரையும் கோட் போடச்சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. செலிபிரிட்டி என்ற கம்பனி 2015ஆம் ஆண்டோடு ஃபார்மல் இரவு என்ற பெயரையே எடுத்துவிட்டது. கம்பனியின் இணையப் பக்கத்தில் நீங்களே வாசியுங்கள், உறவுக்காரர் சொன்னதை வைத்துத் துணி வாங்காதீர்கள். அப்புறம், எவ்வளவு கண்டிப்பான கப்பலிலும் பஃபே இருக்கும், ஃபார்மல் இரவிலும் சாதாரண உடுப்போடு அங்கே போய்ச் சாப்பிடலாம், யாரும் பட்டினி கிடப்பதில்லை.

வேட்டியை இடுப்பில் செருகிவிட்டால் போதும் என்று நினைக்கவேண்டாம், மேலே ஒரு பெல்ட் கட்டாயம். வட கடலில் கப்பல் ஆடும்போது படிக்கட்டில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வேட்டியையும் பிடிக்க வேண்டியிருக்கும், 79 வயதுக்கு அது ஆபத்து. பாட்டா செருப்பு வேண்டாம், அப்பா கச்சேரிக் காலத்துப் பழைய தோல் சப்பாத்தைத்தான் போட்டார், அதன் அடி தைத்த தோல், இன்னும் இருக்கிறது.

கோட் சூட் போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, கலாசாரக் காவலும் எனக்கு வேண்டாம், நானே இரண்டு இரவும் கோட்தான் போட்டேன். அத்தானும் ஒருநாள் இதை வாசிப்பார், அதனால் இன்னொரு தடவை எழுதுகிறேன், தங்கமான மனிதர்.

அப்பாவின் கோட் அலுமாரியில் தொங்குகிறது, ஒரு தடவைகூடப் போடாதது. மார்பு 36, கை 23, கருநீலம். உங்கள் தகப்பனார் மனம் மாறி, மெலிந்த ஆளாகவும் இருந்தால் சொல்லுங்கள், வெள்ளவத்தைக்கு வந்து எடுத்துக்கொண்டு போகலாம். 4 மணிக்கு முன்னால் வாருங்கள், செயலாளர் வந்துவிட்டால் வெளியாட்களின் வாகனத்தைக் கட்டடத்துக்குள் விடமாட்டார்.