"என் மகளுக்கு வலிப்பு நோயா, டாக்டர்?"

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஏழு வயது மகளுக்கு ஓயாத வாந்தி. என் கணவருக்கு முன்பு எழுதிக்கொடுத்த மெட்டோகுளோபிரமைடு மாத்திரையில் பாதியை இரண்டு வேளை கொடுத்தேன். அன்று இரவு அவள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. விழிகள் மேலே செருகின. "கழுத்து வலிக்கிறது, அம்மா" என்று குழறி அழுதாள். மாமியார் வலிப்பு என்று கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். மருத்துவமனையில் ஊசி போட்டதும் சரியானது. டாக்டர் இந்தியில் பேசியதில் 'தவா' என்ற சொல் மட்டும் புரிந்தது. இது வலிப்பு நோயா?

பதில்: சகோதரி, உங்களுக்குப் புரிந்த அந்த ஒரு சொல்லில்தான் பதிலே இருக்கிறது. 'தவா' என்றால் மருந்து. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது வலிப்பு நோய் அல்ல, அந்த மாத்திரையின் பக்கவிளைவு. அழுகையோடு அவள் பேசினாளே, அதுதான் முக்கியமான தடயம். உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பில் குழந்தைக்கு நினைவிருக்காது. உங்கள் மகளோ வலி எங்கே என்றே சொல்லியிருக்கிறாள்.

இந்த மருந்து மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தடுத்து வாந்தியை அடக்குகிறது. தசைகளின் அசைவைச் சீராக வைப்பதும் அதே டோபமைன்தான். அது தடைபட்டால் கழுத்து, கண், நாக்கு, தாடை முறுக்கிக்கொள்ளும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது எளிதில் வருகிறது. 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைத் தரவே கூடாது என்றது. மாத்திரை கொடுத்ததை யாரும் சொல்லாவிட்டால் வலிப்பு, டெட்டனஸ், மூளைக்காய்ச்சல் என்று மருத்துவர்களே திசைமாறிப் போவதுண்டு.

ஊசியின் வேகம் குறைந்ததும், ஓரிரு நாளுக்குள், முறுக்கல் திரும்பக்கூடும். அப்படி நேர்ந்தால் உடனே அதே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த ஓரிரு நாள் கழிந்த பிறகும், மாத்திரை சாப்பிடாமலேயே வந்தாலோ, நினைவு தப்பினாலோ நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை பள்ளியிலோ உறவினரிடமோ 'வலிப்பு' என்ற சொல்லை எடுக்காதீர்கள். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அந்தப் பெயர் பெண்பிள்ளையை விட்டு லேசில் போகாது. மாமியாரை நொந்துகொள்ள வேண்டாம், பதறிப்போய்ச் செய்திருக்கிறார். ஆனால் சாவியால் பயன் ஏதும் இல்லை என்பதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது இத்தோடு போகட்டும். அடுத்த முறை வாந்தி வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தபடி மருத்துவரிடம் போங்கள். மீதமுள்ள மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாமல் எடுத்துச் சென்று காட்டி, மகளின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே "மெட்டோகுளோபிரமைடு கூடாது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.