48 வோல்ற் பற்றரிக்கு வீட்டு பிறேக்கர் காணுமா?

கேள்வி: எங்கள் கடையின் குளிர்சாதனப் பெட்டிக்கும் கிணற்று மோட்டருக்குமாக 48 வோல்ற் லித்தியம் பற்றரியும் 3000 வாற் இன்வேட்டரும் பூட்டியிருக்கிறோம். இரண்டுக்கும் இடையில், வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 63 அம்பியர் பிறேக்கரைப் போட்டோம். மோட்டர் ஓடும்போது அது சூடாகி விழுகிறது. சென்ற கிழமை கருகல் மணமும் வந்தது. 48 வோல்ற் ஆளை அடிக்காது, எந்த பிறேக்கரும் காணும் என்கிறார் வயரிங் செய்தவர். எதை வாங்குவது, ஐயா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: இன்வேட்டரை நிறுத்தி, பற்றரியின் ஆளியையும் அணைத்துவிட்டு, முதலில் அந்த பிறேக்கரைக் கழற்றிவிடுங்கள். 48 வோல்ற் உலர்ந்த கையை அடிப்பது அரிது என்பது உண்மைதான். ஆனால் பிறேக்கரின் வேலை வயர் தீப்பற்றாமல் காப்பது. அந்த ஆபத்து வோல்ற் குறைவதால் குறைவதில்லை.

அது சூடானதற்குக் காரணம் கணக்கிலேயே தெரிகிறது. பற்றரி 44 வோல்ற்றுக்கு இறங்கியிருக்கும் வேளையில் இன்வேட்டர் முழுச் சுமையைத் தாங்கினால், அதற்குள் ஏற்படும் இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 76 அம்பியர் ஓடும். அதன்மேல் கால் பங்கு கூட்டினால் 95. ஆகவே 100 அம்பியர் பிறேக்கரும், அதைத் தாங்கக்கூடிய 35 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரும் வேண்டும். மெல்லிய வயரை வைத்துக்கொண்டு பிறேக்கரை மட்டும் பெரிதாக்குவது மிகவும் ஆபத்தானது.

கருகல் மணம் இதைவிடப் பாரதூரமானது. வீட்டுக்கு வரும் ஆடலோட்டம் (AC) செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால், தொடுகைகள் பிரியும்போது எழும் மின்வில் (இடைவெளியில் விடாமல் எரியும் பொறி) தானாகவே அணைய வாய்ப்புக் கிடைக்கிறது. பற்றரியின் நேரோட்டத்தில் (DC) அந்த இடைவேளை கிடையாது. வில்லை இழுத்து நீட்டி, துண்டு துண்டாக்கி, குளிரவைத்துத்தான் அணைக்க வேண்டும். இப்படிக் கருகிய பிறேக்கர் ஒன்றை மாங்குளத்தில் ஒரு பட்டறையில் பிரித்துப் பார்த்தேன். வில்லைத் துண்டாக்க வேண்டிய அடுக்குத் தகடுகள் கறையின்றிப் புதிதாகவே இருந்தன. தொடுகையின் வெள்ளி முனையோ உருகி வழிந்து, பக்கத்துச் சுவர் கரியாகியிருந்தது. வில் தகடுகளை எட்டவேயில்லை.

கடையில் முகப்பு எழுத்தை வாசித்து வாங்குங்கள். 230 அல்லது 400 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அலைக்கோடு மட்டும் இருந்தால் அது ஆடலோட்டத்துக்கானது. கட்டத்துக்குள் இருக்கும் 6000 என்பதும் ஆடலோட்டத்தில் அது துண்டிக்கக்கூடிய அம்பியரே. சில கம்பனிகள் தங்கள் சாதாரண பிறேக்கருக்கும் நேரோட்ட அளவைத் தரவுத்தாளில் தருகின்றன; அது எழுத்தில் இருந்தால் மட்டும் நம்பலாம். முழுதாகச் சார்ஜ் ஏறிய உங்கள் பற்றரி 58 வோல்ற்றைத் தொடும் என்பதால், நேரோட்டத்தில் 60 வோல்ற்றுக்கு மேல் தாங்குவதைத் தேடுங்கள். குறுஞ்சுற்று நேர்ந்தால் என்னவாகும் என்பதையும் பாருங்கள்: பற்றரி, வயர் எல்லாம் சேர்ந்த தடை 20 மில்லியோம் என்றால், இத்தகைய பற்றரியின் வழமையான 51.2 வோல்ற்றில் 2560 அம்பியர் பாயும். நேரோட்டத்தில் அதைத் துண்டிக்கவல்ல பிறேக்கராக இருக்க வேண்டும். இரண்டாவது பற்றரியைச் சமாந்தரமாகப் பூட்டினால் இந்த அம்பியர் இன்னும் கூடும்; இரட்டிப்பை நெருங்கவும் கூடும்.

பலர் கவனிக்கத் தவறுவது திசையை. சில நேரோட்ட பிறேக்கர்களில் வில்லைத் தகடுகளுக்குள் தள்ள நிலையான காந்தம் இருக்கும். முகப்பில் கூட்டல், கழித்தல் குறிகள் போட்டிருப்பார்கள். மின்னோட்டம் எதிர்த்திசையில் வந்தால் அந்தக் காந்தமே வில்லைப் பொறிமுறைக்குள் தள்ளிவிடும். பகலில் சூரிய பனலிலிருந்து பற்றரிக்கும், இரவில் பற்றரியிலிருந்து இன்வேட்டருக்கும் மின்னோட்டம் திசை மாறி ஓடுவதால், இவ்விடத்துக்குத் திசை பாராத பிறேக்கர்தான் பொருந்தும். குறியில்லை என்பதைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் தரவுத்தாளிலும் உறுதிப்படுத்துங்கள்.

இத்துடன், பற்றரியின் நேர்முனைக்கு அண்மையில் 125 அம்பியர் கிளாஸ் ரீ (Class T) வகை உருகி ஒன்றையும் பூட்டச் சொல்வேன். நேரோட்டத்தில் 20,000 அம்பியரைத் துண்டிக்கவல்லவை அவ்வகையில் கிடைக்கின்றன. பிறேக்கர் தவறினாலும் அது கைவிடாது. விலை கூடத்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். தகரக் கூரைக்கு அடியில், வெயில் படும் சுவரில் பெட்டியைப் பொருத்தினால் பிறேக்கர் முன்கூட்டியே விழும். வயர் முனைகளுக்கு லக் எனும் உலோக முனையை அழுத்தி, திருகுகளை ஒரு கிழமைக்குப் பிறகு மீண்டும் இறுக்குங்கள்.

கேள்வி: யானை வேலிக்கு 12 வோல்ற் பற்றரி வைத்திருக்கிறோம். அதற்கும் பிறேக்கர் வேண்டுமா?
— வாசகி, நெடுங்கேணி

பதில்: வேண்டாம், அம்மா. வேலிக் கருவி பொதுவாகச் சில அம்பியருக்கு மேல் இழுப்பதில்லை. வாகனங்களில் போடும் 5 அம்பியர் தட்டை உருகி போதும். அது 32 வோல்ற் நேரோட்டத்துக்கென்றே செய்யப்பட்டது. நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பூட்டுங்கள். உருகிக்கு முந்திய வயருக்குப் பாதுகாப்பே இல்லை.