லிஃப்ட் போட்டதும் வண்டி அலையுதா? முதல்ல காஸ்டர் பாருங்க

ப்ரோ, 2 இன்ச் லிஃப்ட் (வண்டிய உயர்த்துற சஸ்பென்ஷன் கிட்) போட்டப்புறம் 80க்கு மேல போனா வண்டி அலையுது, ஸ்டீயரிங் தானா நடுவுக்கு வரலன்னு சொல்றீங்கல்ல, இதுக்குப் போய் ஷாக் அப்சார்பர மறுபடி மாத்திடாதீங்க. உங்களுது முன்னாடி சாலிட் ஆக்சில் (ரெண்டு வீலையும் சேர்க்கிற ஒரே ஆக்சில்), ரேடியஸ் ஆர்ம் (ஆக்சில சேஸிஸோட இணைக்கிற நீளமான கை) செட்டப், அதுல சேஸிஸ தூக்கினா ஆர்ம் சாஞ்சு ஆக்சில் லேசா முன்பக்கமா உருண்டுடும், காஸ்டர், அதாவது வீல் திரும்புற அச்சு பின்பக்கமா சாஞ்சிருக்கிற கோணம், குறையும், ஸ்டீயரிங் நேரா நிக்கிறதே அந்தக் கோணத்தாலதான். காஸ்டர் கரெக்ஷன் புஷ் (ஆர்ம்ல பொருத்தி அந்தக் கோணத்த சரி பண்ற வளையம்) போட்டுட்டு அலைன்மெண்ட் பாருங்க, டோ (வீல் முன்பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற அளவு) மட்டும் சரி பண்ணிட்டு அனுப்பப் பார்ப்பாங்க, விடாதீங்க, காஸ்டர் ரீடிங் கேட்டு வாங்குங்க. பான்ஹார்ட் ராடால (ஆக்சில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற கம்பி) ஆக்சில் ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளியும் இருக்கும், அட்ஜஸ்டபிள் ராடு போட்டா சரியாயிடும்.

பின்னாடி குதிக்குதுன்னா ஸ்பிரிங் லோடுக்கானது, நீங்க காலியா ஓட்டுறீங்க, அவ்ளோதான்.

இன்னொண்ணு, இத தள்ளிப்போடாதீங்க: சேஸிஸ ஜாக்கில தூக்கி ஸ்டாண்டு வச்சு, வீல தொங்கவிட்டு ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு பிரேக் ஹோஸ் நீளம் பத்துதான்னு பாருங்க. என் வண்டில வீணைக் கம்பி மாதிரி விறைச்சு நின்னுச்சு, நீளமான ஹோஸ் மாத்துற வரைக்கும் ஆஃப்ரோடு பக்கமே போகல.