புதைத்தவர்களே தோண்டினார்கள்

கேள்வி: இலங்கையில் யாழ்ப்பாணத்துச் செம்மணியில் கிடைத்த எலும்புக்கூடுகளைப் பற்றி இதழுக்கு இதழ் எழுதுகிறீர்கள். கொள்ளைநோயிலும் சுனாமியிலும்கூடக் கூட்டமாகத்தான் புதைத்தார்கள். போனவர்கள் போய்விட்டார்கள், தோண்டி யாருக்கு என்ன பயன்? மும்பைத் தமிழருக்கு இதில் என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், தாராவி

பதில்: என்ன பயன் என்பது புதைத்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். முதலில் தோண்டியவர்கள் அவர்கள்தான். 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று புதைத்த போஸ்னிய செர்பியப் படையினர், சில மாதங்களில் புல்டோசரோடு திரும்பி வந்தார்கள். பிணங்களை அள்ளி லாரியில் ஏற்றி வேறு குழிகளில் கொட்டினார்கள். ஒரே மனிதனின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் சிதறிப்போயின. அப்படியும் தப்ப முடியவில்லை. கோஸ்லுக் என்ற ஊரில் அவர்கள் சுட்டுப் புதைத்த இடம், பாட்டில் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடி கொட்டிக் கிடந்த இடம். எலும்புகளோடு அந்தப் பச்சைக் கண்ணாடித் துண்டுகளும் புதுக் குழிக்குப் போய், எங்கிருந்து வந்தன என்பதைக் காட்டிக்கொடுத்தன. உறவினர்களின் ரத்த மாதிரியோடு ஒப்பிட்டு ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது.

கொள்ளைநோய்க் குழியை இதோடு சேர்க்காதீர்கள். 1348–49இல் லண்டன் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டில் பிளேக்கில் இறந்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். சிலருக்குச் சவப்பெட்டிகூட இருந்தது. ஒளிக்க எதுவும் இல்லாதவர்கள் புதைத்த குழி அது. சுனாமியில் நடந்தது அவசரம். பேரிடரில் இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் பரவாது, அடையாளம் காணாமல் புதைக்காதீர்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

செம்மணிக்கு வருகிறேன். அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று 1998இல் நீதிமன்றத்தில் சொன்னவர், கொலை வழக்கில் தண்டனை பெற்ற, இலங்கை ராணுவத்தின் ஒரு சிங்களச் சிப்பாய். 1999இல் 15 உடல்களை எடுத்ததோடு நின்றுவிட்டது. 2025இல் அங்கேயே சித்துப்பாத்தி மயானத்தில் கட்டடவேலைக்குத் தோண்டியபோது மறுபடியும் எலும்புகள் தட்டுப்பட்டன; 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீலநிறப் பள்ளிப்பையும் பொம்மையும் கிடைத்தன. பள்ளிப்பையோடு புதைக்கப்பட்ட பிள்ளை எந்தப் போரில் எந்தப் படைக்கு எதிரி?

தோண்டினால் பழி மட்டும்தான் வரும் என்பதும் இல்லை. 2018இல் இலங்கையின் மன்னாரில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தபோது, அனுப்பிய மாதிரிகள் 15 முதல் 18ஆம் நூற்றாண்டுக்குள் அடங்கும் என்று அமெரிக்க ஆய்வுக்கூடம் சொன்னது. அந்த முடிவையும் அறியத்தான் வேண்டும்.

மும்பைத் தமிழருக்கு என்ன என்கிறீர்கள். சயானில் எரித்த அப்பாவின் அஸ்தியை ரயிலில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்த் தாமிரபரணியில் கரைக்கிறவர்கள் நாம். கரைக்கும்வரை நமக்கு மனம் ஆறுவதில்லை. இலங்கையின் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரியில் போராட்டம் தொடங்கிய தாய்மார் கேட்டது அதைவிடக் குறைவு: பிள்ளை இருக்கிறானா, இல்லையா? அவர்கள் முகத்தைப் பார்த்து ‘என்ன பயன்’ என்று உங்களால் கேட்க முடியுமா? முடியாதென்றால் என்னிடமும் கேட்காதீர்கள்.