முகத்தைப் பார்த்துப் பொய்யைப் பிடிக்க முடியுமா?

கேள்வி: பொய் சொல்பவர் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார் என்கிறார்கள். அப்படியானால் அனுபவமுள்ள போலீஸ்காரர்கள்கூட ஏன் ஏமாறுகிறார்கள்?

கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதால்தான் ஏமாறுகிறார்கள்.

முதலில் நம் திறமையின் அளவு. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி 2006-இல் கணக்குப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர் பேசுவதை வைத்து மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொன்னவர்கள் ஏறத்தாழ 24,000 பேர். சரியாகச் சொன்னது 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். இதைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் சுவாரசியம்: மெய்யை மெய் என்று சொன்னது 61 சதவீதம், பொய்யைப் பொய் என்று பிடித்தது 47 சதவீதம்தான். பொய்யைப் பிடிப்பதில் சுண்டிய காசு நம்மைவிடச் சற்றே கெட்டி.

காரணம், நாம் நம்பும் பக்கம் சாய்ந்தவர்கள். அதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 1,000 அமெரிக்கர்களிடம், கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். 60 சதவீதம் பேர் ஒன்றுமில்லை என்றார்கள். மொத்தப் பொய்யில் ஏறக்குறைய பாதியைச் சொன்னது வெறும் 5 சதவீதம் பேர். (பொய்யைப் பற்றிய கேள்விக்கு மெய்யாகத்தான் பதில் சொன்னார்களா என்பது தனிக் கதை.) எதிரில் இருப்பவர் பெரும்பாலும் உண்மை பேசுபவர் என்றால், நம்பிவிடுவதுதான் லாபம். ஒவ்வொரு பேச்சையும் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கிலோ தக்காளிகூட வாங்க முடியாது.

இனி போலீஸ். 1991-இல் பால் எக்மன், மோரீன் ஓ'சல்லிவன் என்ற இரு உளவியலாளர்களும் காவல்துறையினர், நீதிபதிகள், மனநல மருத்துவர்கள் எனப் பலரைச் சோதித்தார்கள். காசு சுண்டுவதைவிடத் தெளிவாக மேலே வந்தது அமெரிக்க அதிபருக்குக் காவல் நிற்கும் சீக்ரெட் சர்வீஸ் குழு மட்டும், அதுவும் 64 சதவீதம். அனுபவம் கைகொடுக்காததற்குக் காரணம் எளிது. நம்பி அனுப்பிவிட்ட பொய்யர் திரும்பி வந்து "சார், அன்றைக்கு உங்களை ஏமாற்றினேன்" என்று சொல்வதில்லை. பிழை தெரியவராத தொழிலில் வருடங்கள் கூடக் கூட நம்பிக்கைதான் கூடும், திறமை கூடாது.

"திருட்டு முழி" என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது. இது தமிழர்களின் நம்பிக்கை மட்டுமல்ல. 58 நாடுகளில், பொய் சொல்பவரை எப்படிக் கண்டுகொள்வீர்கள் என்று கேட்டபோதும் அதிகம் வந்த பதில், கண்ணைத் தவிர்ப்பார் என்பதே. ஆனால் டிபாலோ குழு 2003-இல் 158 அறிகுறிகளை அலசியது. பெரும்பாலானவற்றுக்குப் பொய்யோடு தொடர்பே இல்லை, அல்லது மிக மெல்லிய தொடர்பு. சந்தேகப்படுகிறார்கள் என்று தெரிந்தால் நிரபராதிக்கும் வியர்க்கும், நாக்கு வறளும். கண் நம்பிக்கையை அறிந்த பொய்யரோ விடாமல் உற்றுப் பார்ப்பார். போதாததற்கு, பெரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்துவதை மரியாதை என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளை முதலாளி முன் குனிந்து நின்றால், அதில் படிக்க ஒன்றுமில்லை.

பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி எனப்படும் பாலிகிராஃபும் இதே குழியில்தான் விழுகிறது. அது அளப்பது மூச்சு, இரத்த அழுத்தம், தோலின் வியர்வை. அதாவது பதற்றம். சோவியத் ஒன்றியத்துக்கு உளவு சொன்ன சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986, 1991 என இரண்டு முறை அந்தச் சோதனையில் தேறினார். இந்தியாவில், ஒப்புதல் இல்லாமல் யாரையும் இதற்கு உட்படுத்தக்கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்தது, பொய் எப்படிக் கட்டப்படுகிறது என்பது. முழுக்கப் புனைவது அபூர்வம், ஏனென்றால் புனைந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் உண்மையையே இடம் மாற்றி வைப்பார்கள். போன மாதம் மதுரைக்குப் போனது உண்மை. அதை நேற்று போனதாகச் சொன்னால் பஸ், சாப்பாடு, மழை எல்லா விவரமும் தடையின்றி வரும். பொய் அந்த ஒரு தேதியில் மட்டும்தான். கேட்பவர்கள் விவரங்களைத் துருவுவார்கள், தேதியை விட்டுவிடுவார்கள்.

இன்னொரு வழி இலக்கணம். 1998 ஜனவரியில் அப்போதைய அமெரிக்க அதிபர் பில் கிளின்டன், வெள்ளை மாளிகையில் பயிற்சி ஊழியராக இருந்த மோனிகா லெவின்ஸ்கி பற்றிய தொலைக்காட்சிக் கேள்விக்குப் பாலுறவு "இல்லை" என்று நிகழ்காலத்தில் சொன்னார். உறவு முன்பே முடிந்திருந்தது. ஆங்கிலத்தில் அவருக்கு இதற்கு "is" என்ற நிகழ்கால வினைச்சொல் தேவைப்பட்டது. தமிழில் அந்தச் சிரமமும் இல்லை; நம் "இல்லை"க்குக் காலமே கிடையாது. "அப்படி எதுவும் இல்லைங்க" என்றால், "எப்போதாவது இருந்ததா?" என்று மறுபடி கேளுங்கள். வேலை நேர்காணலில் "நாங்கள் செய்தோம்" என்பதும் இதே வகை. "அதில் நீங்கள் மட்டும் செய்தது எது? அது உடைந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "நாங்கள்" கரைந்துவிடும்.

உருப்படியான முறை, கையில் உள்ள ஆதாரத்தை எப்போது காட்டுவது என்பதில் இருக்கிறது. 2006-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில் பயிற்சிக் காவலர்கள் போலித் திருட்டு ஒன்றை விசாரித்தார்கள். இரு பிரிவினரிடமும் ஒரே ஆதாரங்கள். வழக்கம்போல் விசாரித்தவர்கள் 56 சதவீதம் சரி. ஆதாரத்தைப் பின்னால் வைத்துக் கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் 85 சதவீதம்.

ஒரு கடையில் கல்லாப் பெட்டியில் 5,000 ரூபாய் குறைகிறது, ஒரு பணியாளர் 2 மணிக்குக் கல்லா அருகே நின்றது கேமராவில் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் எடுத்தவுடன் செல்போனில் அந்தக் காட்சியைக் காட்டுவார்கள். "சில்லறை எடுக்கப் போனேன்" என்று பதில் வரும், விசாரணை அங்கேயே முடிந்தது. மாறாக, மதியம் 1 முதல் 3 வரை நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள், குறுக்கிடாதீர்கள். பிறகு கேமராவைப் பற்றி மூச்சு விடாமல், அந்த நேரத்தில் கல்லாப் பக்கம் போக ஏதாவது வேலை இருந்ததா, சில்லறை யார் எடுத்தார்கள் என்று சாதாரணமாகக் கேளுங்கள். பணத்தைத் திருடாதவர் "ஆமாம், 100 ரூபாய்க்குச் சில்லறை எடுத்தேன்" என்பார், மறைக்க அவருக்குக் காரணமில்லை. திருடியவர் அந்தப் பக்கமே போகவில்லை என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அதன் பிறகுதான் காட்சி. அப்போதும், மறந்துபோயிருக்கலாம் என்பதற்கு இடம் விடுங்கள். முரண்பாடு துப்பு மட்டும்தான்.

இருவர் சேர்ந்து சொல்லும் கதைக்கு வேறு வழி. உளவியலாளர் ஆல்டர்ட் விரை குழுவின் 2009 ஆய்வில் சில ஜோடிகள் உண்மையிலேயே உணவகத்தில் சாப்பிட்டவர்கள், சில ஜோடிகள் சாப்பிட்டதாகக் கதை கட்டியவர்கள். "என்ன சாப்பிட்டீர்கள்" என்பதற்கு ஒத்திகை பார்த்திருந்தார்கள். தனித்தனியாக உட்கார வைத்து, யார் எங்கே உட்கார்ந்தீர்கள் என்று படம் வரையச் சொன்னபோது பிசகியது. படங்களை ஒப்பிட்டே ஏறத்தாழ 80 சதவீத ஜோடிகளைச் சரியாகப் பிரிக்க முடிந்தது.

எதிர்பாராத கேள்விக்கும் எல்லை உண்டு. யாருமே கவனிக்காத ஒன்றை (சுவரின் நிறம், மின்விசிறிகளின் எண்ணிக்கை) கேட்டால் உண்மையாளரும் "தெரியாது" என்பார். அங்கே இருந்தவர் கட்டாயம் பார்த்திருக்கக்கூடியதாக, ஆனால் ஒத்திகையில் வராததாகக் கேள்வி இருக்க வேண்டும். அதேபோல் ஒரே ஆள் இரண்டாம் முறை சொல்லும்போது சிறு மாற்றம் வந்தால் பாயாதீர்கள். நினைவிலிருந்து சொல்பவர் ஒரு விவரத்தைச் சேர்ப்பார், ஒன்றை விடுவார். வரிக்கு வரி அப்படியே ஒப்பிப்பவரிடம்தான் இன்னும் இரண்டு கேள்வி கேட்கத் தோன்ற வேண்டும்.