விமான நிலைய விரிவாக்கம்: சுற்றுச்சூழல் ஆய்வில் மக்கள் கருத்து எதற்கு?

ஓடுதளத்தை நீட்டினால் சத்தம், தண்ணீர், பறவைகள், குடியிருப்புகள் எல்லாம் என்னவாகும் என்று முன்கூட்டியே ஆராய்வதுதான் சுற்றுச்சூழல் மதிப்பீடு. தென்னாப்பிரிக்காவின் 2014 விதிகள்படி, அறிக்கையை வைத்துக் குறைந்தது 30 நாள் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் மாடி எழுப்பினால் மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று நமக்குத்தானே தெரியும்?

டர்பனில் கிங் ஷாகா விமான நிலையம் 2010இல் திறக்கும் முன்பே, அருகில் மவுண்ட் மோர்லாந்து நாணல்காட்டில் கோடையில் லட்சக்கணக்கான தகைவிலான்கள் வந்து அடைவதைப் பறவை ஆர்வலர்கள் விடாமல் எடுத்துச் சொன்னார்கள். அவை விமானங்களில் மோதாதபடி கண்காணிக்க ரேடார் வந்தது. எனக்கு இது பெரிய விஷயம்.

விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர்களான டொங்காட், வெருலம்காரர்களே, கருத்துக் கேட்கும் அடுத்த அறிவிப்பு வந்தால் பெயரைப் பதிந்துவிடுங்கள். பலர் நினைப்பதுபோல் இது வாக்கெடுப்பு அல்ல. நூறு கையெழுத்தைவிட, எந்தத் தெருவில் எந்நேரம் என்ன பாதிப்பு என்று விவரமாக எழுதும் ஒரு கடிதத்துக்கே வலு அதிகம்.