இணையம்: கேள்வி – பதில்

கேள்வி: தமிழ் விக்கிப்பீடியா முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாக முழ நீளத்துக்கு வருகிறதே, வைரஸா?

பதில்: இல்லை. இணைய முகவரிக்குள் ஆங்கில எழுத்து, எண், சில குறிகளுக்குத்தான் இடம். அதனால் பிரவுசர் தமிழை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறைப்படி பைட்டுகளாக்கி (கணினித் தகவலின் சிறு அலகுகள்), பைட்டுக்கு ஒரு சதவீதக் குறியும் அடுத்து இரண்டு எழுத்தோ எண்ணோ என மூன்று குறிகள் போடுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லையே பாருங்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5, ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 15 பைட், 45 குறிகள்! கணினியில் குரோம் என்றால், முதல் எழுத்தை விட்டு மீதியை நகலெடுங்கள், தமிழாகவே வரும். விட்டதைக் கையால் சேர்த்துக்கொள்ளலாம். விக்கிப்பீடியாவின் கருவிகள் பட்டியலிலேயே முகவரியைச் சுருக்கும் வசதியும் உண்டு.

கேள்வி: குறித்துவைத்த நல்ல இணைப்புகள் பல இப்போது திறப்பதில்லை. மீட்க முடியுமா?

பதில்: இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் தளம் வேபேக் மெஷின். 2001இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அதில் பழைய முகவரியை ஒட்டுங்கள். நாள்காட்டியில் நீல வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பச்சை என்றால் பக்கம் வேறிடத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. ஆரஞ்சில் பெரும்பாலும் ‘பக்கம் இல்லை’ என்ற பிழைதான் சேமிக்கப்பட்டிருக்கும். பிடித்த பக்கத்தை இன்றே நீங்களே அங்கு சேமிப்பது இன்னும் நல்லது. சேமித்த முகவரிக்குள் வரும் 14 இலக்க எண், ஆண்டிலிருந்து நொடி வரையான நேரம். கிரீன்விச் கணக்கு என்பதால் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பிந்தியிருக்கும். லாகின் கேட்கும் பக்கங்கள் இதில் சிக்காது. அவற்றை பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள்.